விஞ்ஞானக் கழகத்தை மூடச் சொல்லும் பெற்றோருக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை நம்ம ஊர்ப் பையன் ஒருவன் சீனவெடியைப் பிரித்து, மருந்தைக் குழாயில் அடைத்து ரொக்கெட் விடப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டான். பெரிய காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்று தொட்டு ஒரே பேச்சு: "ஸ்கூல்ல ரொக்கெட் விடப் பழக்கினதாலதான் இது. கழகத்தை மூடுங்க." 2019க்குப் பிறகு இப்படியொரு செய்தி வந்தால் நம்ம ஊர் ஏன் நடுங்குகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

விஞ்ஞான ஆசிரியர்களான எங்களிலும் பிழை இருக்கிறது. கழகத்தில் நாங்கள் விடுவது தண்ணீர் ரொக்கெட். சோடாப் போத்தலும் சைக்கிள் பம்பும்தான். காற்று மட்டும் அடைத்த போத்தல் கொஞ்சத் தூரமே போனது. கழுத்துவரை தண்ணீர் நிரப்பியது எழும்பவே கஷ்டப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டதுதான் உயரப் போனது. அப்போது அந்தப் பையன் கேட்டான்: "சேர், வெடி மருந்து போட்டா இன்னும் மேல போகுமா?" "அதெல்லாம் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த போத்தலுக்குப் போய்விட்டோம். ஏன் கூடாது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது சொல்கிறோம். கையால் அடைக்கும் மருந்தில் இடைவெளிகள் இருக்கும். நெருப்பு அதற்குள் புகுந்தால் ஒரே நேரத்தில் எரியும் பரப்புக் கூடும், அமுக்கம் சட்டென ஏறும், குழாய் சிதறும். அதற்குப் பிறகு அது ரொக்கெட் இல்லை.

1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனபோது அமெரிக்கப் பையன்களும் இதையேதான் செய்தார்கள். வீட்டில் மருந்து அடைத்துப் பலர் காயப்பட்டார்கள். அதற்கு அங்கே கண்ட வழி, பாதுகாப்பான மோட்டாரும் கழகமும். மாற்றிப் போடக்கூடிய மோட்டாருடன் மாதிரி ரொக்கெட்டை 1954இலேயே செய்து வைத்திருந்தவர் நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல்.

இன்றும் அந்தக் கழகங்களில் பிள்ளைகள் மோட்டாரைச் செய்வதில்லை. தொழிற்சாலையில் அடைத்து வருவதில் பொருத்தமானதைத் தெரிவு செய்கிறார்கள். ஏ, பி, சி என்று எழுத்துக் கூடக் கூட மொத்தக் கணத்தாக்கின் உச்ச எல்லை இரட்டிப்பாகும்: 2.5, 5, 10 நியூற்றன் செக்கன். ஒரே ரொக்கெட் ஏ மோட்டாரில் போனால் சின்ன மைதானத்துக்குள் இறங்கும். சி மோட்டாரில் போனால் காற்றோடு போய்த் தொலைந்தும் போகலாம். பெரிய மோட்டார்தான் நல்ல மோட்டார் என்றில்லை. டி வரையான மோட்டாருக்கு 15 அடி, அதற்கு மேல் 30 அடி தள்ளி நின்று மின்சாரத்தால்தான் பற்றவைக்க வேண்டும். பற்றாவிட்டால் 60 செக்கனுக்கு யாரும் கிட்டப் போகக் கூடாது. அதுதான் விதி.

அந்த மோட்டார் நமக்குத் தேவையில்லை. நம்ம பிள்ளைகளுக்குத் தண்ணீரின் அளவும் பம்ப் அடிக்கும் எண்ணிக்கையும்தான் மோட்டார். ஆனால் அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். இனி 30 அடியில் கயிறு கட்டுவோம். எது உயரப் போகும், ஏன் என்று எழுதித் தந்த பிறகுதான் பம்பைக் கையில் கொடுப்போம். "கூடாது" என்று சொன்னால் காரணமும் சொல்வோம்.

கழகத்தை மூடினால் பிள்ளைகளின் ஆசை அடங்காது. எங்கள் கண் முன்னால் மைதானத்தில் நடப்பது, யாரும் பார்க்காத மதிலுக்குப் பின்னால் நடக்கும். கையைச் சுட்டுக்கொண்ட பையனும் அப்படி ஒரு மதிலுக்குப் பின்னால்தான் இருந்தான்.

இன்ஷா அல்லாஹ், வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்துக்கு வாருங்கள். வாப்பாமார் கயிற்றடியில் நில்லுங்கள், உம்மாமார் பிள்ளைகள் எழுதியதை வாசித்துப் பாருங்கள். பார்த்த பிறகும் மூடத்தான் வேண்டும் என்றால், எங்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பையனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். கைக்கட்டோடு வந்தாலும் பரவாயில்லை, அன்று எண்ணிக்கை சொல்பவன் அவன்தான்.