விடை வந்த பின்னும் விலகாத அச்சம்

எனக்கு நன்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், ஓராண்டுக் காலத்தில் ஒன்பது முறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டு, அந்த ஒன்பது அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஓர் உறையில் அடுக்கி எடுத்துக்கொண்டு, ஒரு மாலை நேரத்தில் என் வீட்டுக்கு வந்தார். ஒன்பதிலும் 'நான்-ரியாக்டிவ்' என்றே அச்சாகியிருந்தது. ஆனால் அவருடைய விரல் அந்தச் சொல்லின் மேல் நிற்காமல், அதன் பக்கத்திலிருந்த எண்ணின் மேல் போய் நின்றது. மார்ச் மாதத்தில் 0.11 என்றிருந்த எண் ஜூலையில் 0.24 ஆகியிருந்தது; இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டபடியால் கிருமி சரீரத்துக்குள் பெருகுகிறது என்று அவர் நிச்சயம் செய்துகொண்டுவிட்டார். அந்த நிச்சயத்தின் பேரில் இரவுகளில் உறக்கம் இழந்து, விடிந்ததும் கண்ணாடி முன் நின்று நாக்கில் வெண்படலம் தேடி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவி, அந்தத் தடவலினாலேயே வலியையும் உண்டாக்கிக்கொண்டிருந்தார்.

அந்த எண் என்ன என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. இரத்தம் பரிசோதனைப் பொருளோடு கலந்து எழுப்பும் சமிக்ஞையை, முன்னரே வகுத்துவைத்த ஓர் எல்லையோடு ஒப்பிட்டுக் கருவி தருகின்ற விகிதம் அது. பெரும்பாலான கருவிகளில் அந்த எல்லை 1. அதற்குக் கீழே எந்த எண் வந்தாலும் பொருள் ஒன்றே: 'நான்-ரியாக்டிவ்', அதாவது தொற்று காணப்படவில்லை. ஒரே குழாயிலுள்ள இரத்தத்தை இருமுறை சோதித்தாலும் இந்தச் சிறு எண்கள் சற்றே ஏறி இறங்கும். இந்த நான்கு வாக்கியங்களை ஆய்வகத்திலிருந்த எவரேனும் முதல் நாளே சொல்லியிருப்பாரேயானால், அந்த இளைஞரின் ஓராண்டு இப்படிக் கழிந்திராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அறிக்கையின் எண்ணைவிட முக்கியமானது, இரத்தம் கொடுத்த நாள். கிருமி புகுந்த மறுநாளே எந்தப் பரிசோதனையும் அதைக் கண்டுவிடுவதில்லை. உடல் அதற்கெதிராக எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குவதற்குச் சில வாரங்கள் செல்லும். ஆலோசகர்கள் 'விண்டோ பீரியட்' என்று சொல்லும் இடைக்காலம் இதுதான். எதிர்ப்புப் புரதத்தோடு கிருமியின் பி24 என்னும் புரதத்தையும் சேர்த்துத் தேடுகின்ற நான்காம் தலைமுறைப் பரிசோதனை, இரத்த நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தைக் கொண்டு ஆய்வகத்தில் செய்யப்படுமாயின், 18 நாள் முதல் 45 நாளுக்குள் தொற்றைக் காட்டிவிடும். எதிர்ப்புப் புரதத்தை மட்டும் தேடும் துரிதப் பரிசோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். அந்தக் கெடு கடந்த பிறகு, இடையில் புதிய ஆபத்தோ தடுப்பு மருந்தோ குறுக்கிடாதிருக்க, வருகின்ற 'நான்-ரியாக்டிவ்' என்ற பதில் முடிவான பதில்.

மறுபுறத்தில், 'ரியாக்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டவுடனே வாழ்வு முடிந்துவிட்டதாக எண்ணி நிலைகுலைந்து போகிறவர்களுக்கும் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். நம் நாட்டில் வயதுவந்தோரில் சற்றேறக்குறைய 0.2 சதவிகிதத்தினருக்கு இத்தொற்று உண்டு. ஆகவே சாதாரண மக்களில் பதினாயிரம் பேரைச் சோதித்தால் இருபது பேருக்குத் தொற்று இருக்கும். பரிசோதனை ஆயிரத்துக்கு ஐந்து முறை மட்டுமே தவறுவதாக வைத்துக்கொண்டாலும், தொற்றில்லாத ஏறக்குறைய ஐம்பது பேருக்கு அது 'ரியாக்டிவ்' என்று காட்டிவிடும். முதற்கட்டச் சோதனையில் அந்தச் சொல்லைப் பெற்ற எழுபது பேரில் ஐம்பது பேர் தொற்றற்றவர்கள்! இதனாலேதான் அரசு மையங்களில் வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளும் ஒத்துச் சொன்னாலொழியத் தொற்று உண்டென்று அறிவிப்பதில்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கின்ற ஒரு விஷயத்தில் மனிதர் ஏன் இப்படி நடுங்குகின்றனர்? நம் மாநிலத்தில் அந்த நடுக்கத்துக்கு வேர் ஆழமானது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்னும் மாணவி சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்று வெளிப்பட்டது. அப்போது மருந்து கிடையாது. ஆகையால் அச்சம் நியாயமாகவே இருந்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. இன்று அதை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் நீடிப்பவர், உடலுறவின் மூலம் பிறருக்கு அதைப் பரப்புவதில்லை. வைத்திய சாஸ்திரம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம்முடைய அச்சத்துக்கு மட்டும் இன்னும் 1986-தான்.

வேறொரு காரணமும் உண்டு; அதைச் சொல்லத் தயங்கலாகாது. அந்த இளைஞரோடு வெகுநேரம் பேசியபோது, ஒரு முறை வழுவிவிட்டோம் என்ற குற்ற உணர்வே அவருடைய அச்சத்தின் அடியில் கிடந்தது என்பதைக் கண்டேன். ஆய்வகத்தை அவர் நியாயஸ்தலமாக எண்ணிவிட்டார். தண்டனையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு விடுதலைத் தீர்ப்பு வந்தால் நம்பிக்கை பிறக்குமா? மாதிரி மாறியிருக்கும், கருவி பழுதாயிருக்கும், தம் உடல் மட்டும் விதிவிலக்காயிருக்கும் என்று சித்தம் புதிது புதிதாகச் சந்தேகங்களை ஈன்றுகொண்டே போகிறது. ஒவ்வொரு புதிய அறிக்கையும் மூன்று நாள் நிம்மதியைத் தந்து, நான்காம் நாள் அச்சத்தை முன்னிலும் பலமாக்கித் திருப்பிக் கொடுக்கிறது. பத்தாவது பரிசோதனை அவருக்கு மருந்தாகாது. அது நோயின் தீனி.

இதை வீண் பயம் என்று நகையாடுவதும், தைரியமாயிரு என்று முதுகில் தட்டி அனுப்புவதும் ஒரே அளவு கொடுமை. உடல்நலத்தைப் பற்றிய இந்தத் தீராத பீதி ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் மறுபடி சோதிக்கும் அவசரத்தையும் சிறிது சிறிதாகத் தள்ளிப்போட்டு, சந்தேகத்தோடு கூடவே அன்றாட வேலையைச் செய்யப் பழக்குகின்ற மனநல ஆலோசனை, வேண்டுமிடத்து மருந்தோடு சேர்ந்து, பலரைக் கரையேற்றியிருக்கிறது.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தரப்பட வேண்டுமென்கிறது. ஆயினும் பணம் கட்டி இரத்தம் கொடுத்தவருக்கு அறிக்கை கைப்பேசியில் ஒரு கோப்பாக வந்து விழுவதோடு பல இடங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. இது சரியன்று. அறிக்கையைத் தருகின்ற இடம் அதன் பொருளையும் தரவேண்டும். ஒரே மனிதர் நான்காம் முறையாக வந்து நிற்கும்போது, ஊசியை எடுக்குமுன் 'உங்களுக்கு என்ன பயம்?' என்று கேட்கவேண்டும்.

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் கட்டணமில்லை. விவரம் இரகசியமாகக் காக்கப்படும். எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097 என்ற எண்ணிலும், அச்சத்தால் மனம் அலைக்கழிகின்றவர்கள் 14416 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். அந்த இளைஞர் இரண்டாவது எண்ணுக்குத்தான் முதலில் பேசினார்.