ஆண்டு விழாவுக்கு கேஸ் பலூன் வேண்டாம்

ஆண்டு விழாவில் நூறு ஹீலியம் பலூன் பறக்கவிட ஆளுக்கு 5 ரூபாய் வசூலிக்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். உடனே "கஞ்சப்பிசினாறி" என்று சொல்லாமல் முழுசாகப் படியுங்கள்.

போன வருஷம் எங்கள் பெரியம்மாவுக்கு முதுகுத்தண்டு வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனோம். "மெஷின்ல ஹீலியம் கொறஞ்சிடுச்சு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பலூன் கேஸுக்கும் ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம் என்று அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அந்த மெஷினின் காந்தத்தைக் குளிர வைப்பது திரவ ஹீலியமாம். மைனஸ் 269 டிகிரி!

1868-ல் அன்றைய மதராஸ் மாகாணத்துக் குண்டூரில் சூரிய கிரகணத்தை ஆராய்ந்தபோதுதான் இதன் தடயம் முதலில் தெரிந்தது. பூமிக்குள் யுரேனியம், தோரியம் சிதைந்து கோடிக்கணக்கான வருஷமாகச் சேர்கிறது. நம் மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் இயற்கை எரிவாயுவிலும் இருக்கிறது. ஆனால் 10,000 லிட்டரில் சுமார் 6 லிட்டர்தான். அதைப் பிரிக்க அணுசக்தித் துறையினர் அங்கே ஒரு சோதனை ஆலை அமைத்தார்கள். அழுத்தம் கொடுத்தால் மற்ற வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும் குருணைகள் வழியாக எரிவாயுவைச் செலுத்துவார்கள். ஹீலியம் மட்டும் நழுவி வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. கண்ணாடிச் சல்லடை! கண்ணாடி தண்ணீரையே விடாது, ஆனால் ஹீலியம் அதற்குள் புகுந்து போய்விடும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களை வைத்து இதை யோசித்தார்கள். பின்னால், நுண்துளை உள்ள, உள்ளே கூடான கண்ணாடி இழைகளும் வந்தன. முடி மாதிரி மெல்லிசு. கோலமாவு சலிப்பது போலத்தான். மீத்தேன் 0.38 நானோமீட்டர், ஹீலியம் 0.26. சின்னது வெளியே வரும், பெரியது உள்ளேயே தங்கும். கட்டுக்கட்டாக இழைகளை அடுக்கினால் கொஞ்ச இடத்திலேயே நிறையச் சலிக்கலாம்.

"ஒரு பலூன்ல என்னடி கொறஞ்சிடும்?" என்கிறாள் என் தோழி. பத்து லிட்டர் பிடிக்கும் ஒரு பலூனுக்கு, குத்தாலத்து வாயுவில் 16,000 லிட்டருக்கு மேல் சலிக்கணும். நாமோ ஒரு கைதட்டலில் விட்டுவிடுவோம். காற்றில் கலந்தால் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான், திரும்பப் பிரிப்பது மகா கஷ்டம். மெதுவாக பூமியை விட்டே போய்விடும். நூறு பலூன் ஹீலியத்தைத் திரவமாக்கினால் ஒன்றரை லிட்டர்கூட வராது, பழைய மாடல் ஸ்கேன் மெஷினுக்கோ ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். அதனால் நாம் நிறுத்தினால் ஒரு மெஷின் ஓடிவிடாது, எனக்கும் தெரியும். அதற்காக வீணாக்கலாமா?

ஹைட்ரஜன் அடைத்தால் மலிவாச்சே என்று பையன்கள் சொல்கிறார்கள். அது தீப்பிடிக்கும், அந்தப் பேச்சே வேண்டாம்.

காகிதப் பட்டம் விடலாமே! நம் மைதானத்தில் நாலு மணிக்கு நல்ல காற்று வரும். என் 5 ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை. பட்டத்துக்கு என்றால் லீடரிடம் இன்றைக்கே தருகிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி