எழுத்துக்குக் காவல், கருத்துக்கு விடுதலை

ஒருவர் வயலில் விளைந்த நெல்லை இரவோடிரவாக மற்றொருவர் வாரிக்கொண்டு போனால் அது திருட்டு. அவர் பயிர் செய்த முறையைப் பார்த்து, அடுத்த வயல்காரரும் அவ்விதமே பயிரிட்டு நல்ல மகசூல் கண்டால் அதைத் திருட்டென்று எவரும் சொல்லத் துணியார். விளைந்த நெல் ஒருவருடையது. விவசாய ஞானம் ஊருக்குப் பொது. சர்வ சாதாரணமான இந்த நியாயந்தான் கம்ப்யூட்டர் தொழிலில் உரிமை பற்றிய நமது சட்டங்களுக்கும் அஸ்திவாரம். இதை அறியாததனால், ஒருபுறம் நம்மவர் தமக்குரியதை இழக்கின்றனர். மற்றொருபுறம், எல்லோருக்கும் உரியதைச் சிலர் தமதாக்கிக்கொள்ள முயல்வதைக் கவனியாதிருக்கின்றனர். ஆகவே, இது வக்கீல்களும் நிபுணர்களும் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமென்று தேச ஊழியர்கள் ஒதுக்கிவிடலாகாது.

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. காவியம் எழுதுகிறவருக்குள்ள உரிமை கணக்குப் புரோகிராம் எழுதுகிறவருக்கும் உண்டு. எழுதும்போதே அவ்வுரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்துகொள்வது கட்டாயமல்ல. ஆசிரியரின் ஆயுட்காலத்திற்குப் பிறகும் 60 வருஷம் அது நீடிக்கிறது. ஆனால், காக்கப்படுவது எழுத்து மட்டுமே. அதற்குள்ளிருக்கும் கருத்து அல்ல. நியாயமாக ஒரு புரோகிராமைப் பெற்றவர் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அது இயங்கும் விதத்தை ஆராய்ந்து அதன் தத்துவத்தை அறிந்துகொள்ளலாம். இவற்றைச் சட்டமே அனுமதிக்கிறது. வியாபாரப் பெயருக்கும் சின்னத்திற்கும் 1999-ம் வருஷத்து டிரேட் மார்க் சட்டமும், ஸெமிகண்டக்டர் சில்லுகளின் சுற்றமைப்புக்கு 2000-ம் வருஷத்துத் தனிச் சட்டமும் காவலாக இருக்கின்றன.

பேட்டெண்டு என்பது வேறு ஜாதி. அது எழுத்தைக் காப்பதல்ல, வழியையே அடைப்பது. ஒருவர் யாரையும் பார்த்து எழுதாமல், சுயபுத்தியினாலேயே அதே முறையைக் கண்டறிந்தாலும், முன்பே பேட்டெண்டு பெற்றவரின் அனுமதியின்றி 20 வருஷகாலம் அதை உபயோகிக்க முடியாது. இதன் விளைவு என்னவென்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. ஒரே தடவை பொத்தானை அழுத்திச் சாமான் வாங்கும் முறைக்கு 1999-ல் அமேஸான் கம்பெனி பேட்டெண்டு பெற்றது. அதே வருஷம் டிசம்பரில், போட்டியாக இருந்த புத்தக வியாபாரக் கம்பெனிக்கு எதிராகக் கோர்ட்டில் தடையுத்தரவும் வாங்கியது. மேல்கோர்ட்டு 2001-ல் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆனால், வியாபாரம் மும்முரமாக நடக்கும் கிறிஸ்துமஸ் பருவம் அதற்குள் கடந்துவிட்டது! கோடீசுவரக் கம்பெனிக்கே இக்கதியென்றால், கோயமுத்தூரில் ஒரு சிறு அறையில் நெல் மண்டிக்காகப் புரோகிராம் எழுதும் நான்கு வாலிபர்களின் கதி என்ன?

இதனாலேயே, 2002-ல் நமது பேட்டெண்டுச் சட்டத்தைத் திருத்தியபோது, கணித முறைகள், வியாபார முறைகள், தன்னளவிலான கம்ப்யூட்டர் புரோகிராம்கள் ஆகியவை கண்டுபிடிப்புகள் ஆகமாட்டா என்று பார்லிமெண்டு விதித்தது. 2004-ம் வருஷக் கடைசியில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் இந்தக் கதவைச் சிறிது திறக்கப் பார்த்தது. தொழில்துறையில் பிரயோகமாகும் புரோகிராமுக்கும், யந்திரத்துடன் இணைந்த புரோகிராமுக்கும் பேட்டெண்டு தரலாமென்றது அது. 2005-ல் நமது பார்லிமெண்டு அந்த வாசகத்தை ஏற்கவில்லை. அதே வருஷம் ஜூலையில், இத்தகைய யோசனையொன்றை ஐரோப்பியப் பார்லிமெண்டும் 14-க்கு எதிராக 648 வோட்டுகளால் நிராகரித்தது.

எனினும், வாசலில் தடுக்கப்பட்டது ஜன்னல் வழியாக நுழையக்கூடும். புதுமையான யந்திரப் பகுதி இல்லாத புரோகிராமுக்குப் பேட்டெண்டு இல்லையென்று 2016-ல் பேட்டெண்டு காரியாலயம் வெளியிட்ட வழிகாட்டி கூறிற்று; 2017-ல் வந்த திருத்திய வழிகாட்டியில் அந்த நிபந்தனை மறைந்துவிட்டது. ‘தன்னளவில்’ என்ற சொல் இருப்பதனால், மெய்யான தொழில்நுட்பப் பலன் தரும் கண்டுபிடிப்புகளைத் தள்ளிவிடலாகாதென்று 2019-ல் டில்லி ஹைகோர்ட்டு கூறியது. கோர்ட்டு சட்டத்தின் சொல்லுக்குப் பொருள் காண்கிறது; அதில் நமக்குக் குறையில்லை. ஆனால், பார்லிமெண்டு வேண்டாமென்று தள்ளியதைக் காரியாலயத்தின் வழிகாட்டிகள் படிப்படியாகக் கொண்டுவந்து சேர்ப்பது ஜனநாயக முறையாகாது. மாற்றம் தேவையானால் மசோதாவாக வரட்டும். தேசம் பகிரங்கமாக விவாதிக்கட்டும்.

பேட்டெண்டு இல்லாவிட்டால் முதல் போடுகிறவர்கள் முன்வரமாட்டார்கள் என்று சிலர் பயமுறுத்துகின்றனர். நமது ஸாப்ட்வேர்த் தொழில் உலகறிய வளர்ந்தது பெரும்பாலும் பதிப்புரிமையையும் ஒப்பந்தத்தையும் நம்பித்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

ஆனால், பிறரைக் கண்டிக்கும் நாம் நம்மவர் குற்றத்தையும் மறைக்கலாகாது. அந்நியக் கம்பெனியின் புரோகிராமைக் காசு கொடாமல் பிரதி செய்து உபயோகிப்பதைச் சாமர்த்தியமென்று பலர் கருதுகின்றனர். தெரிந்தே அவ்வாறு உபயோகித்தால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. தண்டனை கிடக்கட்டும், களவின் மீது சுதேசித் தொழிலைக் கட்ட முடியுமா? விலை கொடுக்க இயலாதவர்களுக்கு, ஆசிரியர்களே உபயோகிக்கவும் திருத்தவும் அனுமதித்து வழங்கும் லினக்ஸ் போன்ற சுதந்திர ஸாப்ட்வேர் இருக்கிறது.

இரண்டாவது குற்றம், ஒப்பந்தத்தைப் படியாமல் கையெழுத்திடுவது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் நிமித்தம் எழுதும் புரோகிராம், வேறு ஏற்பாடில்லாதவரை முதலாளிக்கே சொந்தம். தனித்து ஒப்பந்தவேலை செய்பவர் எழுதியது அவருக்கே சொந்தம். எழுத்து மூலம் கையொப்பமிட்டுக் கொடுத்தாலன்றி அது கைமாறாது. அப்படிக் கொடுக்கும்போதும், காலம் குறிக்காவிட்டால் 5 வருஷத்துக்கும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும். இவ்வளவு அரிய பாதுகாப்பிருந்தும், ‘என்றென்றைக்கும், உலகமெங்கும்’ என்று அச்சிட்ட தாளில் ஒப்பமிட்டு, எத்தனை வாலிபர்கள் அதை இழந்து வருகின்றனர்!

எழுதியவரின் உழைப்பு அவருக்கே உரியதாக இருக்கவேண்டும். வழியும் யுக்தியும் தேசமக்கள் அனைவருக்கும் திறந்திருக்கவேண்டும். இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டால் மற்றதும் நிலையாது. 2005-ல் பார்லிமெண்டு காத்துக்கொடுத்த இவ்வெல்லையைக் காக்கும் பொறுப்பு இனி நம்முடையது. தேச ஊழியர்கள் விழித்திருப்பார்களென்று நம்புகிறோம்.