பேஸ் கிட்டாரும் பெரட்டுத் தப்பும்

கனடாவில் வாழும் எனது மருமகன் கடந்த ஆண்டு முழுவதும் ஒரு பேஸ் கிட்டார் செய்வதிலேயே கழித்தான். உடல் ஓரிடத்திலிருந்து, கழுத்து வேறோரிடத்திலிருந்து, ஒலிவாங்கிச் சுருள்கள் மற்றோரிடத்திலிருந்து என ஒவ்வொன்றையும் தேடித் தெரிந்தெடுத்து அவன் தானே பூட்டினான். இதற்கு வழி திறந்தவர் அமெரிக்கரான லியோ ஃபெண்டர். 1951இல் அவர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின் கிட்டாரில் கழுத்தும் உடலும் ஒட்டப்படாமல் திருகாணிகளால் இணைக்கப்பட்டன. கழற்றக்கூடியதை மாற்றவும் முடியும் அல்லவா?

"மாமா, தந்தியின் நீளம் 34 அங்குலம். பாலத்தின் இடம் சற்றுப் பிசகினாலும் சுருதி நிற்காது" என்று தொலைபேசியில் அவன் விளக்கியபோது, ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தின் முன்னால் நான் கண்ட பெரியவர் நினைவுக்கு வந்தார். அவரும் தெரிந்தெடுத்த பாகங்களால் இசைக்கருவி செய்பவரே. அவர் செய்தது தப்பு.

மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, வட்டமாகப் பொருத்தி, இரும்புத் தகட்டால் பிணைக்க வேண்டும். தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, இழுத்துக் காயவைக்க வேண்டும். அடிப்பதற்கு நீண்டு மெலிந்த குச்சி ஒன்று, குட்டையான தடித்த குச்சி ஒன்று. கிட்டாருக்கு முறுக்காணி உண்டு. தப்புக்கு நெருப்பே முறுக்காணி. மலையகத்தின் பனியும் தூறலும் தோலை விரைவில் தளர்த்திவிடும். அனலில் காட்டிக் காட்டித்தான் சுருதி ஏற்ற வேண்டும். "கூடுனா வெடிச்சிரும், கொறஞ்சா ஊமையாயிரும். கைக்குத்தாங்க அது தெரியும்" என்றார் அவர்.

தோட்ட வாழ்வில் இக்கருவி வெறும் கேளிக்கைப் பொருளாக இருந்ததில்லை. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது இதுவே. மாசி மாதக் காமன் கூத்தில் ரதியும் மதனும் ஆடுவது இதன் அடிக்கே. மரணச் செய்தியைச் சொல்வதும், பாடையோடு இறுதிவரை நடப்பதும் இதுவே. எல்லோருக்கும் வேண்டியிருந்த இந்த ஒலியை எழுப்பியவர்களை மட்டும் சாதியின் பெயரால் நாம் ஒதுக்கி நிறுத்தினோம்.

மகனுக்கு இத்தொழிலைக் கற்றுக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "அவன் கொழும்புல வேல செய்யிறாங்க ஐயா. இதத் தொட வேணாம்னு நாந்தான் சொன்னேன்" என்றார். அவரது குரலில் வருத்தம் இல்லை.

'கலை அழிகிறதே' என்று புலம்பி ஒரு கட்டுரை எழுதுவது எனக்கு எளிது. ஆனால் அந்தத் தந்தையின் முடிவைக் குறை கூற எனக்கு என்ன உரிமை? அவர் மகனைக் காத்தது இசையிலிருந்து அன்று. அந்த இசையோடு நாம் சேர்த்துக் கட்டிவிட்ட இழிவிலிருந்து. எனது மருமகன் கிட்டார் செய்தால் பொறியாளன். இவர் தப்பு செய்தால் 'தப்படிக்கிறவர்'. வேறுபாடு கைவினையில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது.

மாற்றம் இயலாததன்று. தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை மேடையேற்றினர். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மலையக மக்கள் வந்த 200 ஆண்டுகளை 2023இல் நாம் நினைவுகூர்ந்தோம். அந்த நினைவுகூரல் பொருளுடையதாக வேண்டுமாயின், தோட்டப் பாடசாலைகளில் தப்பு செய்யவும் அடிக்கவும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும், ஆண் பெண் பேதமின்றிக் கற்க வேண்டும். கற்பிக்கும் முதியவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் மரியாதையும் வேண்டும். மரண வீட்டில் ஒரு போத்தல் சாராயமும் சில்லறையும் அல்ல.

ஒரு குடும்பத்தின் தலைமீது மட்டும் சுமத்தப்படும் கலை, கலையன்று, தண்டனை. சுமையை எல்லோரும் பகிர்ந்துகொண்ட பிறகு, அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளை தப்பைத் தொடுவதா வேண்டாமா என்பதைத் தானே தீர்மானிக்கட்டும்.