ஈகையா, ஒப்புரவா?

இலக்கணம் கற்பிப்பவனுக்கு வாணிபத்தைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஒரு சொல்லே என்னை இதனுள் இழுத்துவிட்டது. பிறநாட்டுப் பொருள்களின் போட்டியாலும், உற்பத்தி கடல் கடந்து சென்றதாலும் வேலையிழந்த தொழிலாளருக்கென ஐக்கிய அமெரிக்க அரசு ஓர் உதவித் திட்டம் வைத்திருந்தது. அதன் பெயரைத் தமிழிலே பெயர்த்தால் 'வாணிபத்துக்கு இசைந்து கொள்வதற்கான உதவி' என்றாகும். இசைந்து கொள்ள வேண்டியவர் யார்? வாணிபமன்று, ஆலையை மூடியவருமல்லர், முப்பது ஆண்டு தறியருகே நின்றவரே இசைய வேண்டுமாம்.

எண்ணம் நல்லதே. உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்ட் 1953ஆம் ஆண்டளவில் இதனை முன்மொழிந்தார். அக்காலத்தில் செனற்றராயிருந்த கெனடி அடுத்த ஆண்டு இதனைக் கையிலெடுத்தார். சனாதிபதியான பின்னர் 1962 ஒக்டோபர் 11ஆந் தேதி சட்டமாக்கினார். சுங்க வரி குறைவதால் வரும் நன்மை நாடு முழுவதற்கும் பரவுகின்றது. தீமையோ சில ஊர்களின் தலையில் மட்டும் இறங்குகின்றது. ஆகவே அச்சுமையை நாடே ஏற்றல் வேண்டும் என்பது அதன் நியாயம். 1817இல் றிக்காடோ ஆங்கிலேயர் துணியையும் போர்த்துக்கேயர் மதுவையும் கொண்டு வாணிபத்தின் பயனை விளக்கியபோது, வேலையிழக்கும் நெசவாளரின் கணக்கை அவ்வளவு நுணுகிப் பார்த்தாரல்லர். கெனடியின் சட்டம் அக்கணக்கை எடுத்துப் பார்க்க முயன்றது எனலாம்.

ஆனால் சட்டத்தின் வாயில் மிக ஒடுங்கியது. அரசு அளித்த வரிச்சலுகையால் இறக்குமதி பெருகிற்று என்றும், அவ்விறக்குமதியே வேலையிழப்பின் தலையாய காரணம் என்றும் மெய்ப்பித்தாலன்றி உதவி இல்லை. விளைவு யாது? 1969ஆம் ஆண்டின் இறுதி வரையில் ஒரு தொழிலாளருக்கேனும் உதவி கிட்டவில்லை. விருந்துக்கு அழைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டது போலாயிற்று. தொழிற்சங்கத்தார் இதனைச் 'சவ அடக்கக் காப்புறுதி' என்று எள்ளியதில் வியப்பில்லை. 1974இல் நிபந்தனை தளர்த்தப்பட்டது. 1980இல் மோட்டார்த் தொழில் நலிந்தபோது ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் உதவி பெற்றனர். செலவைக் கண்டு மருண்ட றேகன் ஆட்சி மறு ஆண்டே அதனைச் சுருக்கிவிட்டது.

வட கரோலைனா மாநிலத்திலே கனப்போலிசு என்றோர் ஊர் உண்டு. கனன் என்னும் குடும்பத்தார் நிறுவிய நெசவாலையைச் சுற்றி எழுந்த ஊர் அது. துவாலையும் படுக்கை விரிப்பும் நெய்து உலகெங்கும் பெயர் பெற்றது. அவ்வாலை பின்னர் பில்லோட்டெக்ஸ் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2003 யூலை 30ஆந் தேதி மூடப்பட்டது. அம்மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 4,800 பேர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர்களுட் பலர் உயர்தரப் பாடசாலைக் கல்வியை முடியாதவர். தாய் தந்தையர் நின்ற தறிக்குப் பதினாறு, பதினேழு வயதிலேயே வந்து சேர்ந்தவர். உதவித் திட்டம் அவர்களை அயலிலுள்ள கல்லூரிக்கு அனுப்பிற்று. பணம் கிடைக்கும், ஆனால் வகுப்பில் அமர வேண்டும்.

இவ்விடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். முப்பத்தைந்து, நாற்பது வயதில் பாலபண்டித வகுப்புக்கு வந்தவர்களுக்கு யான் பாடஞ் சொல்லியிருக்கின்றேன். அவர்கள் விரும்பி வந்தவர்கள். மாலையிலே வந்து இரவிலே வீடு திரும்பியவர்கள். அவர்களுக்கே நன்னூற் சூத்திரம் மனத்தில் நிற்பது அரிதாயிருந்தது. தம்மினும் இளையோர் முன் தவறு செய்ய அவர்கள் பட்ட கூச்சம் எனக்குத் தெரியும். விரும்பாது, வீட்டுக் கடன் தலைமேல் நிற்க, ஐம்பது வயதிலே பின்னக் கணக்குக்குத் திரும்பியவரின் நிலை எத்தகையது? கல்வி கூடாதென்பதன்று என் கருத்து; அங்கே படித்துத் தேறி மருத்துவமனை வேலையும் அலுவலக வேலையும் பெற்றவரும் உண்டு. ஆயினும் கல்வியை இழப்புக்கு ஈடு என்று கணக்கெழுதுவது ஆசிரியனுக்கே நாணந் தருவது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது வயது கடந்தோர்க்கு வேறொரு வழி வகுத்தது: குறைந்த சம்பளத்தில் வேலை கொண்டால், குறைவிற் பாதியை ஈராண்டுக்குள் 10,000 டொலர் வரையில் அரசு தரும். அதுவே மனிதரை அறிந்து வகுத்த வழி என்பேன்.

நமக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. கட்டுநாயக்காவில் 1978இல் தொடங்கிய வலயத்துத் தையலாலைகள், அமெரிக்காவும் ஐரோப்பாவும் நாடுதோறும் வகுத்த பங்கீட்டின் நிழலில் வளர்ந்தவை. அப்பங்கீடு 2004ஆம் ஆண்டின் இறுதியோடு நீங்கிற்று. அங்கே ஓர் இயந்திரம் ஓய, இங்கே ஒரு பெண் ஊர் விட்டு விடுதிக்குப் போனாள். ஆகையால் அயலவன் வேலையைப் பறித்தான் என்னும் பேச்சை நாம் எளிதில் ஒப்ப இயலாது.

வள்ளுவர் ஒப்புரவறிதலை ஓரதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் வைத்தார். வறியவனுக்கு இரங்கிக் கொடுப்பது வேறு. உலகியல் அறிந்து கடப்பாடாகச் செய்வது வேறு. மலிந்த துணியால் நாடு முழுதும் பயனடைந்திருக்க, அதன் விலையைச் செலுத்திய ஊருக்குத் தருவது ஈகையாகாது. ஈகை என்று எண்ணியமையாலன்றோ காரணத்தை மெய்ப்பி என்றனர்! புதுப் பொறியால் வேலையிழந்தவன் வயிறும் இறக்குமதியால் இழந்தவன் வயிறும் ஒன்றே. சீனப் பொருள்கள் வந்து குவிந்த காலத்தை ஆராய்ந்த பொருளியலாளர், அடிபட்ட மாவட்டங்களில் இத்திட்டத்தின் வழிச் சென்ற பணத்தினும் உடற்குறை உதவியாகச் சென்ற பணமே பன்மடங்கென 2013இல் எழுதினர்.

2022 யூலை முதலாந் தேதியோடு திட்டத்தின் காலம் முடிந்தது; காங்கிரசு அதனைப் புதுப்பிக்கவில்லை. அதற்கு முன் ஓராலையின் தொழிலாளர் மூவர் கையொப்பமிட்டால் தொழிற்றிணைக்களம் விசாரிக்கும். அதன்பின் புதியவர்க்கு அவ்வழியும் அடைபட்டது. 2025இல் இறக்குமதி வரியை மிக உயர்த்தி, ஆலைகள் திரும்பும் என்றனர். கனப்போலிசு ஆலை முன்னரே இடிக்கப்பட்டுவிட்டது. அந்நிலத்தில் இப்பொழுது உணவையும் உடல்நலத்தையும் ஆராயும் நிலையங்கள் நிற்கின்றன.