கடன் யார் தலையில்?

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கடனில் எழுந்தது. 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் போயிற்று. “சீனாவின் கடன் பொறி” என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் கூக்குரலிட்டன. ஆனால், 2022-இல் இலங்கை கைவிரித்தபோது, அதன் அந்நியக் கடனில் மிகப்பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கியதே!

கடன் எவன் கொடுத்தாலும், அடைப்பது யார்? ஈரானுக்குப் பட்ட எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே தீர்ப்பதென 2021-இல் ஒப்பந்தமாயிற்று. அந்தத் தேயிலைக்குக் கொழுந்து கிள்ளும் கைகள் யாருடையவை? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்டு, நீலகிரி டான்டீ தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தொழிலாளரின் உற்றார் உறவினருடையவை!

தோழர்களே! கையெழுத்திடுபவன் ஒருவன், சுமப்பவன் வேறொருவன் என்ற அநீதி ஒழிய வேண்டும். எந்த நாட்டிலும், எந்தக் கடனுக்கும், கணக்கை முதலில் ஜனங்கள் முன் வைக்கட்டும்!