கார்புரேட்டர் மீது ஏன் பழி?

பழைய அம்பாசிடர் நடுவழியில் நின்றால் பெரும்பாலும் முதல் பழி கார்புரேட்டருக்குத்தான். அடுத்து பிளக், காயில் எல்லாம் புதிதாக மாறும். வண்டி மட்டும் மாறாது. இது பழுது பார்ப்பதல்ல, பரிசுச்சீட்டு வாங்குவது.

1957-இல் உத்தர்பாராவில் தயாரிப்பு தொடங்கிய இந்தக் காரின் பெட்ரோல் எஞ்சினில், பழைய மாடல்களில், தீப்பொறியைப் பிறப்பிப்பது ஒரு ஜோடி பாயிண்ட்தான். அது விலகும் நொடியில் காயிலில் மின்னோட்டம் அறுந்து, பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. இடைவெளி சுமார் 0.4 மி.மீ. பாயிண்டின் குதிகால் தேயத் தேய அது சுருங்கும், டைமிங் பின்தங்கும், மேட்டில் வண்டி இழுக்காது. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நல்ல மெக்கானிக் முதலில் தீப்பொறியைப் பார்ப்பார். காயிலிலிருந்து வரும் தடித்த வயரை ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்து, எஞ்சின் இரும்புக்கு அருகில் காட்டி, செல்ஃப் அடிக்கச் சொல்வார் (பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான்). நீலமாய், 'டிக்' என்று பாய்ந்தால் காயில் நலம். தீப்பொறியில்தான் கோளாறு என்றால், அது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பிளக் பக்கம். மஞ்சளாய் மெலிந்தால் பாயிண்டோடு இணைந்த கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பாயிண்ட் கருகியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்புகிறதா? காயிலைத் தொட்டுப் பார்க்கலாம். மழையில் மட்டும் மக்கர் செய்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

அடுத்த முறை ஒர்க்ஷாப்பில் கார்புரேட்டரைக் கழற்றக் கை நீண்டால், முதலில் தீப்பொறியைக் காட்டச் சொல்லுங்கள்.